மலைநாட்டுக்கு ஃபோர்வீல் செடான்: லெகசியா, பிரிமியோவா, எந்த எஞ்சின்?

பொகவந்தலாவை வாசகர் ஒருவரின் கேள்வி, 2025 மே 11

அண்ணா, ஜீப் வாங்க வசதியில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் கடைசித் துண்டு தோட்ட ரோட்டு. மழை பெய்தால் மாமாவின் எக்ஸியோ பாதி ஏற்றத்தில் நின்று சக்கரம் சுற்றும், நாங்கள் இறங்கித் தள்ளுவோம். அதனால் நாலு சக்கரத்துக்கும் இழுவை போகிற ஃபோர்வீல் செடானாகத் தேடுகிறேன். கண்டியில் ஒரு சுபாரு லெகசி பி4 செடான், 2.5 லீற்றர் எஞ்சின், நிற்கிறது, மாத்தளையில் ஒரு டொயோட்டா பிரிமியோ 1.8 ஃபோர்வீல். இரண்டும் 2010 மாடல். ஃபோர்வீல் இருந்தால் மழையில் பயமே இல்லை என்கிறார்கள். எதை எடுக்கலாம்? எந்த எஞ்சின், எந்த பேக்கேஜ் (வசதி வகை) நல்லது? 2.5 பெற்றோல் குடித்துவிடுமா?

2025 மே 12

இரண்டு காரும் எனக்குப் பழக்கம். என்னிடம் இருப்பது 2010 லெகசி 2.5. அத்தானிடம் பிரிமியோ 1.8 ஃபோர்வீல். அவசரத்துக்கு மாற்றி மாற்றி ஓட்டுவோம்.

முதலில் அந்த "பயமே இல்லை". ஃபோர்வீல் உதவுவது ஏறுவதற்கும் சேற்றிலிருந்து கிளம்புவதற்கும். நிறுத்துவதற்கு அல்ல. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது, மாமாவின் எக்ஸியோவுக்கும் அப்படித்தான். ரம்பொடை இறக்கத்தில் ஈர ரோட்டில் முன்னால் போகிற லீக்ஸ் லொறி சட்டென்று நின்றால் உங்களைக் காப்பாற்றுவது டயர்தான். ஃபோர்வீல் காருக்குப் பின்னால் டிஃப் (சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் கியர்ப்பெட்டி), ஷாஃப்ட் எல்லாம் கூடுதல் பாரம். நிற்பதற்கு அது தொந்தரவே தவிர உதவி இல்லை. ஏறும்போது சறுக்காததால் வருகிற தைரியம் இறங்கும்போதும் ஒட்டிக்கொள்ளும். ஆபத்து அங்கேதான்.

ஃபோர்வீலிலும் இரண்டு ஜாதி. லெகசியில் நாலு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை போகிறது. சிவிடி (படிகள் இல்லாமல் மாறும் ஓட்டோ) கியர் உள்ளதில் முன்னுக்கு 60, பின்னுக்கு 40 என்ற கணக்கில் தொடங்கி, நிலைமையைப் பார்த்து ஒரு கிளட்ச் அதை மாற்றிக்கொள்ளும். பிரிமியோ சாதாரணமாக முன்சக்கரக் கார். முன்சக்கரம் வழுக்கத் தொடங்கினால் பின்சக்கரத்துக்கு அனுப்பும். தார் ரோட்டில் வித்தியாசம் தெரியாது. ஈரக் களிமண் ஏற்றத்தில் தெரியும்: பிரிமியோ ஒரு கணம் யோசிக்கும், லெகசி யோசிக்காது.

2025 மே 12, இரவு

பெற்றோலைப் பற்றிச் சொல்ல விட்டுப்போச்சு. குடிக்கும். ஹட்டனிலிருந்து நுவரெலியா ஏற்றத்தில் லீற்றருக்கு ஏழு எட்டு கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொழும்புப் பக்கம் இறங்கி ஹைவேயில் போனால் பத்து, பதினொன்று. பிரிமியோ 1.8 அதைவிடக் கொஞ்சம் நல்லது, ஆனால் 1.5 காரைப்போல இல்லை.

டர்போ இல்லாத 2.5க்கு 92 ஒக்டேன் பெற்றோல் போதும். ஜப்பான்காரர்கள் அதைச் சாதாரண பெற்றோலுக்குத்தான் செய்தார்கள். ஜிடி என்ற டர்போ லெகசிக்கு 95 வேண்டும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டி லைனில் நின்றதை மறக்காதவர்கள் இந்த ஒரு வரியிலேயே ஜிடியை மறந்துவிடலாம்.

2025 மே 15

எஞ்சினையும் பேக்கேஜையும் தனியாகக் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளும்.

லெகசி 1989இல் தொடங்கிய கார். நம் நாட்டில் கண்ணில் படுவது பெரும்பாலும் 2003க்குப் பிந்தியவை. 2003–2009 உருவத்தில் 2.0, டர்போ 2.0 ஜிடி, ஆறு சிலிண்டர் 3.0 மூன்றும் உண்டு. பார்க்க அதுதான் அழகு, 2003இல் ஜப்பானின் சிறந்த கார் விருதையும் வாங்கியது. ஆனால் வயதாகிவிட்டது. ஓட்டுவதற்கல்ல, வைத்துப் பராமரித்துக்கொண்டே இருப்பதற்கு என்று ஆசைப்படுகிறவர் எடுக்கலாம்.

2009இல் வந்த அடுத்த உருவம்தான் நீங்கள் பார்ப்பது. அதிலேயே இரண்டு 2.5 எஞ்சின் இருக்கிறது, விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. 2012 நடுப்பகுதி வரை வந்தது பழைய இஜே25, 170 குதிரை வலு, டைமிங் பெல்ட். அதற்குப் பிறகு எஃப்பி25, வலு ஏறக்குறைய அதேதான், ஆனால் பெல்ட்டுக்குப் பதில் செயின். இஜே25க்கு ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்பு) பக்கம் கசிவது பழைய வியாதி. கார் ஆறியிருக்கும்போது கீழே படுத்து, ஹெட்டும் பிளாக்கும் சேருகிற கோட்டை டோர்ச் அடித்துப் பாருங்கள். இந்த எஞ்சினின் சிலிண்டர்கள் இரண்டு பக்கமும் படுத்திருப்பதால் அந்தக் கோடு கீழே இருந்துதான் தெரியும். பச்சையாகக் காய்ந்த கறை இருந்தால் கூலண்ட். கறுப்பாக ஈரமாக இருந்தால் ஒயில். முன்தினம் கழுவித் துடைத்து வைத்திருந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

எஃப்பி25 சுத்தத் தங்கம் என்றும் நினைக்க வேண்டாம். ஆரம்ப வருடங்களில் ஒயில் குடிக்கிறது என்று அமெரிக்காவில் வழக்கே போனது, 2013 லெகசியும் அந்தப் பட்டியலில் இருந்தது. டிப்ஸ்டிக்கை இழுத்து ஒயில் அளவைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பெரிய பிரச்சினை இல்லை.

2014 கடைசியில் வந்த உருவத்துக்கு ஜப்பானில் 2.5 ஒன்றுதான், 175 குதிரை. பி4, பி4 லிமிட்டட் என்று இரண்டே பேக்கேஜ். லிமிட்டடில் தோல் சீட், 18 அங்குலச் சக்கரம். சாதாரணத்தில் 17. டயர் அகலம் இரண்டிலும் 225தான், ஆனால் பக்கச் சுவர் 17இல் கொஞ்சம் தடிப்பு. நம் ரோட்டுக் குழிகளுக்கு 17 எடுங்கள். கண்ணுக்கு 18, முதுகுக்கு 17. தோல் சீட்டைப் பற்றி ஒன்று: நுவரெலியாவில் ஜனவரி விடியற்காலை அதில் உட்கார்ந்தவருக்குத்தான் சீட் ஹீட்டர் ஆடம்பரம் இல்லை என்று விளங்கும்.

பிரிமியோவில் குழப்பம் குறைவு. 1.5, 1.8, 2.0 என்று மூன்று எஞ்சின் இருந்தாலும் ஃபோர்வீல் கிடைப்பது 1.8இல் மட்டும். 1.5க்கு ஃபோர்வீல் பேட்ஜ் ஒட்டியிருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள். 2.0இலும் இல்லை. எஞ்சின் செயின் உள்ளது, எந்த மெக்கானிக் பாஸுக்கும் கை பழகியது, பார்ட்ஸ் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கொட்டிக் கிடக்கும். ஆனால் பின்பக்க அடிப்பாகம் வேறு. டிஃப், பின் ஷாஃப்ட், புஷ் எல்லாம் முன்சக்கர இழுவை மட்டும் உள்ள டூவீல் பிரிமியோவோடு ஒத்துப்போகாது. கடைக்காரர் "பிரிமியோதானே, வரும்" என்று நீட்டுவதை வாங்கிக்கொண்டு மலை ஏறாதீர்கள்.

2025 மே 15, சற்று நேரம் கழித்து

குதிரை வலுவைப் பற்றிப் பேசினேன், உயரத்தை விட்டுவிட்டால் கணக்குப் பாதிதான். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்று கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு மெலிவு. டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவுக்கு மூச்சு வாங்கும். கொழும்பில் 170 என்று ஏறி உட்கார்ந்தவர் நானுஓயாவைத் தாண்டும்போது 140ஐச் சுற்றித்தான் ஓட்டிக்கொண்டிருப்பார். 1.5 காரில் 109 என்றால் 90. ஐந்து பேர், பின்னால் அரிசி மூட்டை, முன்னால் இ.போ.ச. பஸ். அங்கேதான் 2.5இன் காசு தெரியும். டர்போவுக்கு இந்தக் கஷ்டம் குறைவு, மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளிவிடும். அதற்காக ஜிடி வாங்கச் சொல்லவில்லை, மேலே 95ஐப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

2025 மே 17

உங்கள் டொரொண்டோ மச்சான் "2.4 டர்போ ஸ்போர்ட் எடு" என்றாராம். மச்சான் சொல்வது அங்கே சரி. 2020 மாடலாக வட அமெரிக்காவில் வந்த லெகசியில் 2.5க்கு 182 குதிரை, 2.4 டர்போவுக்கு 260. முதலில் டர்போ மேல்தட்டு பேக்கேஜ்களுக்கு மட்டும், 2023இல் ஸ்போர்ட்டுக்கும் கொடுத்தார்கள். ஆனால் அது இந்தியானாவில் செய்த இடப்பக்க ஸ்டியரிங் கார். ஜப்பானிலேயே விற்கவில்லை. அதற்கு முந்திய 3.6 ஆறு சிலிண்டரும் அதே கதை, ஜப்பான் பி4இல் அது கிடையாது. மச்சானுக்குத் தேவை பனி. நமக்குத் தேவை ஈரக் களிமண்ணும் கொண்டை ஊசி முடக்கும். அங்கேயும் லெகசிக்கு 2025 மாடல்தான் கடைசி, ஆகவே மச்சானும் நம்மைப்போல செகண்ட் ஹேண்ட் தேடுகிற நாள் தூரமில்லை.

2025 மே 18

ஐசைட் உள்ளதை எடுக்கலாமா என்று ஒருவர். முன் கண்ணாடியின் மேல் இரண்டு கமெரா, முன்னால் வாகனம் வந்தால் தானே பிரேக் பிடிக்கும். நல்ல விஷயம், கொழும்புப் பம்பலப்பிட்டியில். அடர்ந்த பனிமூட்டத்தில் கமெராவுக்கும் கண் தெரியாது. "நான் இப்போது வேலை செய்யவில்லை" என்று லைட் போட்டுக் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். தலவாக்கலைக்கு மேலே ஓகஸ்டில் அந்த லைட்டைப் பார்க்காத நாள் குறைவு. முன் கண்ணாடி உடைந்து மாற்றினால் கமெராவைத் திரும்ப அளவு பார்த்துப் பொருத்த வேண்டும், அதற்கு எல்லா கராஜிலும் வசதி இல்லை. எனக்குக் கேட்டால் ஃபொக் லைட் நன்றாக இருக்கிற சாதாரண 2.5 போதும்.

2025 ஜூன் 3

டயர் கதையைத் தனியாகவே எழுத வேண்டும், ஏனென்றால் காரை வாங்கிய பிறகு காசு போவது இங்கேதான்.

மனைவியின் தம்பியும் ஒரு லெகசி வைத்திருக்கிறான். முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டது என்று ஒரு கடைக்குப் போயிருக்கிறான். கடைக்காரர் முன்னுக்கு இரண்டு புதுசு போட்டு, பின்னுக்குப் பாதி தேய்ந்ததை அப்படியே விட்டு அனுப்பிவிட்டார். டூவீல் காருக்கு அது வழக்கம்தான். இவனிடம் ஃபோர்வீலா என்றுகூடக் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் இறுக்கமான முடக்கில் கார் திக்கித் திக்கித் திரும்பத் தொடங்கியது, யாரோ கையால் பிடித்துப் பிடித்து விடுவதுபோல. பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக உருட்டினால் நன்றாகத் தெரியும்.

விஷயம் இதுதான். நாலு சக்கரமும் ஒரே சுற்றளவாக இல்லாவிட்டால், நேர் ரோட்டில்கூட முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றுகின்றன. நடுவில் இருக்கிற கிளட்ச் அந்த வித்தியாசத்தை ஓயாமல் உரசித் தாங்கிக்கொண்டிருக்கும். சூடாகித் தேயும். சுபாரு சொல்கிற எல்லை சுற்றளவில் கால் அங்குலம், கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர். டயர் பட்டையின் தடிப்பில் பார்த்தால் அது வெறும் ஒரு மில்லிமீற்றர்! ஆகவே டயர் வாங்கினால் நாலும் ஒரே கம்பனி, ஒரே அளவு, ஒரே நேரம். இடையில் ஒன்று வெடித்தால் சிக்கல்தான். அதனால் முன்னையும் பின்னையும் ஒழுங்காக மாற்றி மாற்றிப் போட்டு எல்லாம் சமமாகத் தேயும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரைப் பார்க்கப் போகிறபோது முதலில் போனட்டைத் திறக்காதீர்கள். நாலு டயரையும் படியுங்கள். மூன்று கம்பனிப் பெயர் இருந்தால் விலை பேசும் முன்பே ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள்.

2025 ஜூன் 4

பிரிமியோவுக்கும் இந்த டயர் விஷயம் பொருந்துமா? பொருந்தும், வீரியம் கொஞ்சம் குறைவு.

பழைய நாலு கியர் ஓட்டோ லெகசியில் போனட்டுக்குள் ஒரு ஃபியூஸ் இடம் உண்டு. அதில் ஃபியூஸ் செருகினால் பின்சக்கர இழுவை அறுந்து முன்சக்கரக் காராகிவிடும், சின்ன ஸ்பெயார் டயரில் கராஜ் வரை போகலாம். அந்தக் காலத்து ஆள்கள் கெட்டிக்காரர்கள்.

இன்னொன்று. கார் நடுவழியில் நின்றால் முன்சக்கரத்தை மட்டும் தூக்கிக் கட்டி இழுத்துப்போக விடாதீர்கள். நாலு சக்கரமும் தரையை விட்டு ஏறவேண்டும், அதாவது கெரியர் லொறிதான். கினிகத்தேனை முடக்கில் நடு இரவு கெரியருக்குக் காத்திருப்பதும் ஃபோர்வீல் செலவில் சேர்த்திதான்.

2025 ஜூலை 20

மழை பிடித்துவிட்டது. தங்கச்சி வீடு ஸ்டோருக்கு, அதாவது தேயிலை ஃபெக்டரிக்கு, மேலே. ரோட்டில் இரண்டு சக்கரத் தடத்துக்கு மட்டும் கொங்கிரீட், நடுவில் புல். அதுவும் கடைசி முடக்கோடு முடிந்து அப்பால் வெறும் சிவப்பு மண். நேற்றுக் கொழுந்து லொறி இறங்கி அந்த மண்ணைப் பிசைந்து வைத்திருந்தது. முடக்கில் வேகம் போய்விட்டது, உள்பக்க முன்சக்கரம் சேற்றில் வழுக்கியது. எக்ஸிலேட்டரைக் கூட்டாமல் அப்படியே பிடித்தேன். பின்பக்கம் மெல்ல அமுங்கி, டக்கென்று பிடித்து, கார் ஏறியது. மேலே போய்ப் பார்த்தால் பின் சக்கர வளைவுக்குள் சேறு அடைத்து டயர் உரசுகிற வாசனை. ஏறியது சரி, ஆனால் நடுப்புல்லில் அடிப்பாகம் சரசரவென்று உராய்ந்துகொண்டே வந்தது. லெகசி பி4க்குத் தரைக்கும் வயிற்றுக்கும் 150 மில்லிமீற்றர்தான். அந்த இடத்தில் ஒரு கல் துருத்தியிருந்தால் எத்தனை சக்கரம் இழுத்தும் பிரயோசனமில்லை.

பொகவந்தலாவைத் தம்பி, உங்கள் ரோட்டின் நடுமேடு எவ்வளவு உயரம்? காரைப் பற்றி இவ்வளவு கேட்டீர்கள், அதைச் சொல்லவே இல்லையே.

2025 ஜூலை 22

நோர்வூட் பக்கத்து வேன் டிரைவர் ஒருவர்: "இருபது வருசமா டூவீல் வேன்ல ஏறுறேன், டயர் நல்லா இருந்தா எல்லாம் ஏறும்." மறுக்க முடியவில்லை. அவர் எந்த முடக்கில் எந்த கியர் என்று மனப்பாடம் செய்தவர். யோசித்துப் பார்த்தால், பட்டை ஆழமாக இருக்கிற நாலு நல்ல டயர் போட்ட டூவீல் பிரிமியோ 1.5, வழுக்கை டயரில் ஓடுகிற ஃபோர்வீலை வென்றுவிடும். வருடத்தில் சில வாரம்தான் உங்கள் ஏற்றம் சேறாகும் என்றால், அந்த வாரங்களில் காரைக் கீழே பார்க் பண்ணிவிட்டு நடப்பதும் ஒரு வழி. மே 12இல் லெகசி பக்கம் சாய்ந்து எழுதியிருந்தேன். இப்போது அவ்வளவு சாயமாட்டேன்.

இறக்கத்துக்கு வருவோம். சிவிடியில் டி-யில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் கம்பளைக்கு வரும்போது சக்கரத்திலிருந்து புகை வாசனை வரும். லெகசியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கிற கியர் பேடிலால் இரண்டாம் கியருக்கோ மூன்றாம் கியருக்கோ இறக்குங்கள், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். சத்தம் கூடும், பயப்பட வேண்டாம். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறிய ஒயில் சூட்டில் கொதித்தால் பெடல் காலடியில் பஞ்சாகிவிடும். மலையில் ஓடுகிற காருக்கு அதை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றுங்கள். சிவிடி ஒயிலும் அப்படித்தான். "வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள்.

2025 செப்டெம்பர் 8

"பெப்ரவரியில் இறக்குமதி திறந்தாயிற்றே, ஜப்பானிலிருந்து நல்ல பி4 ஒன்றை இறக்கினால் என்ன?" முடியாது. காருக்கு மூன்று வருட வயதெல்லை. ஜப்பானில் லெகசி பி4 2020இல் முடிந்தது. பிரிமியோ 2021 மார்ச்சில் முடிந்தது. கணக்குப் போட்டால் இரண்டுமே இனி இந்த நாட்டுக்குள் வராது. 2020இல் வாகன இறக்குமதிக்குக் கேட் மூடும் முன் வந்தவைதான் மொத்தச் சரக்கு. அதனால்தான் பத்துப் பதினைந்து வருடக் காருக்கு இந்த விலை கேட்கிறார்கள், இறங்கவும் போவதில்லை.

புதுசாக வரக்கூடியதில் ஃபோர்வீல் செடான் என்றால் கொரோலா ஹைபிரிட்டில் ஒரு வகை உண்டு. பின்சக்கரத்துக்குத் தனி மின்மோட்டார், நடுவில் ஷாஃப்டே இல்லை. வரியைச் சேர்த்துப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டேன்.

விற்பதையும் யோசியுங்கள். பிரிமியோவை ஹட்டன் டவுனில் நிறுத்தினால் மாலைக்குள் ஆள் வரும். லெகசிக்கு லெகசி தெரிந்த ஆள் வரவேண்டும்.

2025 டிசெம்பர் 14

டித்வா புயலுக்குப் பிறகு இங்கே எழுத மனம் வரவில்லை. மண் சரிந்து ரோட்டையே கொண்டுபோன இடங்களுக்கு ஃபோர்வீல் கார் போகுமா என்று கேட்டு வந்தவைக்கு ஒரே பதில்: போகாதீர்கள். தண்ணீர் ஊறிய விளிம்பு காரின் பாரத்தைத் தாங்காது. இந்த செடான்களின் எஞ்சின் காற்றை இழுப்பது முன் கிறிலுக்குப் பின்னால் இருந்து. வெள்ளத்தில் விட்டால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய்க் கதை முடியும்.

2026 ஜனவரி 18

பொகவந்தலாவைத் தம்பி பிரிமியோவை எடுத்துவிட்டாராம், மாத்தளையில் பார்த்ததை இல்லை, இன்னொன்றை. கண்டி லெகசியைப் படுத்துப் பார்த்தபோது ஹெட் பக்கம் பளபளவென்று கழுவியிருந்ததாம். நடுமேட்டை அளந்தாராம், பிரச்சினை இல்லையாம். சரி.

லெகசியின் ஸ்பிரிங்கைக் கழற்றி, லெகசியின் உயரமான வகையான அவுட்பெக்கின் ஸ்பிரிங் போட்டு உயர்த்தலாமா என்று இன்னொருவர். ஸ்பிரிங் மட்டும் போட்டால் ஷொக், ஷாஃப்ட் கோணம், வீல் அலைன்மென்ட் எல்லாம் கெடும். உயரம்தான் வேண்டுமென்றால் அவுட்பெக்கையே வாங்குங்கள், அதே எஞ்சின், அதே ஃபோர்வீல், ஜப்பான் கணக்கில் 200 மில்லிமீற்றர் உயரம். செடான்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எஞ்சினுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு அடித்துக்கொள்ளுங்கள், ஒயில் போல்ட்டைக் கழற்ற ஒரு துளை விட்டு. என் காருக்கு அடித்தவர் அந்தத் துளையை விடவில்லை, ஒவ்வொரு ஒயில் மாற்றத்துக்கும் எட்டு நட்டுக் கழற்றுகிறோம்.